வெள்ளைக் கட்டத்தின் காரணம்

சேலத்திலிருந்து தருமபுரி வழியாக ஓசூருக்கும் பெங்களூருக்கும் செல்லும் இருப்புப் பாதையில் அமைந்த பாலக்கோடு, தக்காளி மண்டிகளாலும் தென்னந்தோப்புகளாலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையாலும் பெயர் பெற்ற ஊர். இத்தகைய ஊர்களில் ஒரு தலைமுறைக்கு முன்வரை வியாபாரிக்கு வேண்டிய விளம்பரம் கடை வாசலில் தொங்கும் தகரப் பலகையோடு முடிந்துவிட்டது. இன்றோ பலகை, பில் புத்தகம், ஃபிளெக்ஸ், கைப்பேசியில் அனுப்பும் விலைப்பட்டியல், அவற்றோடு ஓர் இணையப் பக்கம் என்று அது பல அவதாரங்களை எடுத்திருக்கிறது. இத்தனைக்கும் உரிய சித்திர வேலையைக் கடைத்தெருவில் உள்ள டிடிபி சென்டர்களே செய்து கொடுக்கின்றன.

அத்தகைய கடைகளில் அடிக்கடி எழும் முறையீடு ஒன்று உண்டு. தக்காளிப் பழத்தைச் சின்னமாக வரைந்து, பச்சை நிறப் பக்கமொன்றின் தலையில் பொருத்தினால், பழம் தனியாக அமராமல் ஒரு வெள்ளைக் கட்டத்தையும் சுமந்துகொண்டு வந்து நிற்கிறது. "பின்னாடி வெள்ளையா பாக்ஸ் வருதுங்களே, அதை எடுக்க முடியாதுங்களா?" என்று கேட்கிறார் வியாபாரி. கட்டத்தை ஒருவாறு நீக்கினால், பழத்தின் விளிம்பைச் சுற்றி வெளிறிய கோடு ஒன்று எஞ்சுகிறது. அந்தக் கோட்டைத் துடைத்தால் விளிம்பு பல்பல்லாகப் பிசிறுகிறது. எல்லாம் சரியாயிற்று என்று கைப்பேசியில் அனுப்பினால், வெள்ளை இருந்த இடத்தில் கறுப்பு வந்து உட்காருகிறது. இவை வெவ்வேறு நோய்களாகத் தோன்றினாலும் மூலம் ஒன்றே. படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் உரியதான ஓர் எண், அந்தப் படம் பிறந்த இடத்திலிருந்து பார்ப்பவர் கண்ணை அடையும் வரை உள்ள வழியில், எங்கோ ஓரிடத்தில் எழுதப்படாமல் விடுபட்டோ, தொலைந்தோ, தவறாகப் பெருக்கப்பட்டோ போயிருக்கிறது. அந்த எண்ணின் சுபாவத்தை அறிந்துகொண்டவருக்கு இந்தக் கோளாறுகளில் எதுவும் மாயமாகத் தோன்றாது.

இல்லாமையை எழுதுதல்

கணினித் திரையில் தோன்றும் படம் எதுவாயினும் அது நுண்ணிய புள்ளிகளின் கூட்டம். ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று ஒளிகளின் அளவைக் குறிக்கும் மூன்று எண்களால் ஆனது. ஓர் எண்ணுக்கு எட்டு பிட் இடம் ஒதுக்குவது வழக்கம் ஆதலின், அது 0 முதல் 255 வரை உள்ள மதிப்புகளில் ஒன்றைப் பெறும். மூன்றும் 0 ஆயின் கறுப்பு. மூன்றும் 255 ஆயின் வெள்ளை. இடைப்பட்ட சேர்க்கைகளையும் கூட்டினால் மொத்தம் 1,67,77,216 நிறங்கள் கிடைக்கும். இத்தனை நிறங்களுள், "இங்கே ஒன்றும் இல்லை" என்று சொல்லும் நிறம் ஒன்றுகூட இல்லை. காகிதத்தோடு பழகிய நமக்கு வெள்ளை என்றால் வெறுமை. அச்சுக்காரர் மை படாத இடத்தைத்தான் வெள்ளை என்கிறார். திரையில் நிலைமை தலைகீழ்: அங்கே மூன்று ஒளிகளும் முழு வலிமையோடு எரிந்தால்தான் வெள்ளை தோன்றும். ஆகவே காகிதத்தில் ஒன்றும் வரையாமல் விட்ட இடம், ஸ்கேனர் வழியாகக் கணினிக்குள் நுழைந்த மாத்திரத்தில், எல்லா நிறங்களினும் பிரகாசமான நிறத்தைப் பூசிக்கொண்டு விடுகிறது. வெள்ளைக் கட்டம் என்னும் தொல்லையின் முதல் வேர் இதுவே.

வைசேஷிக தரிசனத்தின் பிற்கால ஆசிரியர்கள், திரவியம், குணம், கர்மம் முதலான ஆறு பதார்த்தங்களோடு அபாவம் என்னும் இல்லாமையையும் ஏழாவது பதார்த்தமாகச் சேர்த்துக்கொண்டனர். தரையில் குடம் இல்லை என்ற அறிவு நமக்கு உண்டாகிறதென்றால், அவ்வறிவுக்கு விஷயமாக ஏதேனும் ஒன்று இருந்தாக வேண்டும் என்பது அவர்கள் வாதம். கணினிச் சித்திரக் கலையும் தன் போக்கில் அதே முடிவுக்கு வந்து சேர்ந்தது. இல்லாத இடத்தை இல்லையென்று எழுதி வைக்காவிட்டால் இயந்திரத்துக்குத் தெரியாது. எழுதுவதற்கு நிறங்களைச் சொல்லும் மூன்று எண்கள் உதவா. நான்காவதாக ஓர் எண் வேண்டும். மேலும், இருக்கிறது, இல்லை என்ற இரண்டு சொற்களும் போதா. கண்ணாடிக் குவளையும், மரத்தின் நிழலும், புகையும், வளைந்த உருவங்களின் விளிம்பும் ஓரளவு மறைத்து ஓரளவு காட்டும் தன்மையுடையவை. ஆதலின் அந்த நான்காவது எண் அளவாகவே இருத்தல் அவசியம்: 0 ஆயின் பின்னால் உள்ளது முழுவதும் தெரியும், 255 ஆயின் முழுவதும் மறையும், நடுவில் உள்ள எண்கள் மறைப்பின் தரத்தைச் சொல்லும்.

திரைப்படத்திலிருந்து கணினிக்கு

ஓர் உருவத்தைப் பின்னணியிலிருந்து பிரித்து வேறொரு பின்னணியில் நிறுத்தும் ஆசை கணினிக்கு முந்தியது. பாலக்கோட்டுக்குத் தெற்கே உள்ள சேலத்தில் டி. ஆர். சுந்தரம் நடத்திய மாடர்ன் தியேட்டர்ஸ், 1940-இல் பி. யு. சின்னப்பாவை இரட்டை வேடத்தில் நடிக்கவைத்து 'உத்தமபுத்திரன்' படத்தை வெளியிட்டபோது, ஒரே நடிகர் இருவராகித் திரையில் தோன்றுவதைக் கண்டு மக்கள் வியந்தனர். இத்தகைய காட்சிகளுக்கு அக்காலத்தில் கையாண்ட அடிப்படை உபாயம் எளியது: காமிராவின் பார்வையில் ஒரு பாதியைக் கறுப்புத் தகட்டால் மறைத்துவிட்டு, மற்றப் பாதியில் நடிகர் ஒரு வேடத்தை நடிக்கப் படம் பிடிப்பார்கள், பின்பு ஃபிலிமைத் தொடங்கிய இடத்துக்கே திருப்பிச் சுற்றி, முன்பு திறந்திருந்த பாதியை மறைத்து, மறைந்திருந்த பாதியைத் திறந்து, இரண்டாவது வேடத்தை அதே ஃபிலிமில் பதிவார்கள். மறைப்பு இருந்த இடத்தில் ஃபிலிமின் மீது ஒளி படாமையால், அந்த இடம் பின்னால் வரப்போகும் படத்துக்காகக் காத்திருக்கும். மறைப்பின் எல்லை நேர்கோடாக இருந்தவரை இது சுலபம். அசையும் மனிதனின் உருவத்துக்கு ஏற்ப மறைப்பும் சட்டத்துக்குச் சட்டம் மாற வேண்டியிருந்தபோது பிரயாசை பன்மடங்காயிற்று.

இந்த மறைப்புத் தகடு எண்ணாக உருமாறியது 1977-இல். அமெரிக்காவில் நியூயார்க் தொழில்நுட்பக் கழகத்தில் பணிபுரிந்த எட் கேட்மல், ஆல்வி ரே ஸ்மித் ஆகிய இருவரும், கணினியில் வரைந்த உருவமொன்றை வெவ்வேறு பின்னணிகளில் வைத்துப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் உருவத்தையே முதலிலிருந்து கணக்கிட நேர்வதைக் கண்டு, சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றோடு மறைப்பின் அளவையும் நான்காவது தளமாகச் சேமித்துவிட்டால், உருவத்தை ஒருமுறை வரைந்து எத்தனை பின்னணிகளிலும் பொருத்தலாமே என்று சிந்தித்தனர். இரண்டு நிறங்களைக் கலக்கும் கணிதச் சூத்திரத்தில் கலப்பு விகிதத்தைக் குறிக்க ஆல்ஃபா என்னும் கிரேக்க எழுத்து வழங்கியமையால், அந்த நான்காவது தளத்துக்கு ஆல்ஃபா சேனல் என்ற பெயர் அமைந்தது. பின்பு 1984-இல் லூக்காஸ்ஃபிலிம் நிறுவனத்தைச் சேர்ந்த தாமஸ் போர்ட்டரும் டாம் டஃபும், இரண்டு படங்களை ஒன்றோடொன்று சேர்ப்பதற்குரிய விதிகளை ஓர் இயற்கணிதமாகவே வகுத்து வெளியிட்டனர். இந்நால்வருக்கும் 1996-இல் அமெரிக்கத் திரைப்படக் கழகம் அறிவியல் தொழில்நுட்ப விருது வழங்கியது. இன்று போட்டோஷாப்பில் ஒரு லேயர் மேல் இன்னொரு லேயரை வைப்பவரும், இணையப் பக்கத்தில் ஒரு படத்தின் மேல் எழுத்தைப் பொருத்துபவரும், அறிந்தோ அறியாமலோ அந்த இயற்கணிதத்தையே அநுஷ்டிக்கிறார்கள்.

ஒரு புள்ளியின் கணக்கு

அதன் தலையாய விதியை நம்முடைய தக்காளியின் விளிம்பில் உள்ள ஒரு புள்ளியை எடுத்துக்கொண்டு பார்ப்போம். பழத்தின் சிவப்பு நிறம் 220, 40, 20 என்னும் மூன்று எண்களால் ஆனது என்று கொள்வோம். வட்டமான பழத்தின் எல்லை சதுரமான புள்ளியின் ஊடே செல்வதால், புள்ளியின் பரப்பில் நூற்றுக்கு அறுபது பங்கு பழமாகவும், நாற்பது பங்கு வெளியாகவும் இருக்கிறது. ஆகவே, 255 என்னும் முழு மறைப்பை ஒன்று என்று கொண்டால், அதன் ஆல்ஃபா 0.6. விதி சொல்வது இவ்வளவே: மேலே உள்ள நிறத்தை ஆல்ஃபாவால் பெருக்கு, கீழே உள்ள நிறத்தை ஒன்றிலிருந்து ஆல்ஃபாவைக் கழித்த மீதியால் பெருக்கு, இரண்டையும் கூட்டு. பின்னணி 0, 100, 40 என்னும் கரும்பச்சையானால், பழத்தின் பங்கு 132, 24, 12. பின்னணியின் பங்கு 0, 40, 16. கூட்டினால் 132, 64, 28. பழுப்புச் சாயல் கொண்ட இந்த நிறம் சிவப்புக்கும் பச்சைக்கும் இடையே பாலமாக நிற்பதனால், விளிம்பு வழுவழுப்பாகக் கண்ணுக்குத் தோன்றுகிறது.

அதே புள்ளி ஏற்கெனவே வெள்ளைப் பின்னணியோடு கலந்துவிட்டிருந்தால் என்ன ஆகும்? வெள்ளையின் பங்கு மூன்று நிறத்திலும் 102. பழத்தின் பங்கோடு சேர்ந்து புள்ளி 234, 126, 114 என்று வெளிறிய ரோஜா நிறமாகிவிடும். வெள்ளைப் பக்கத்தில் அது அழகாகவே இருக்கும். ஆனால் அந்தப் படத்தின் வெள்ளைப் பகுதியை மட்டும் நீக்கிப் பச்சையின் மேல் வைத்தால், 132, 64, 28 இருக்க வேண்டிய இடத்தில் 234, 126, 114 நின்று பளிச்சிடும். பழத்தைச் சுற்றித் தெரியும் வெளிறிய கோடு என்பது, நீங்கிவிட்டதாக நாம் எண்ணிய பழைய வெள்ளையின் எச்சமே.

கோப்பு வகைகளின் குணபேதம்

ஆல்ஃபா என்னும் எண் கணினியின் நினைவில் இருந்தால் மட்டும் போதாது. படத்தைச் சேமிக்கும் கோப்பில் அதற்கு இடம் இருக்க வேண்டும். 1987-இல் கம்ப்யூசர்வ் நிறுவனம் வெளியிட்ட ஜிஃப் வகை, ஒரு படத்துக்கு 256 நிறங்களை மட்டுமே அனுமதிப்பது. 1989-இல் வந்த அதன் திருத்தத்தில், அந்த நிறப் பட்டியலில் ஏதேனும் ஒன்றைக் கண்ணுக்குத் தெரியாத நிறமாகக் குறித்துவிடும் வசதி ஏற்பட்டது. அங்கே நடுநிலை கிடையாது. புள்ளி ஒன்று முழுவதும் உண்டு, அன்றேல் முழுவதும் இல்லை. விளிம்பு பல்பல்லாகப் பிசிறுவது இந்தக் குறையால்தான். தவிரவும், வெள்ளையைத் தெரியாத நிறமாகக் குறித்தால், பழத்தின் மேல் மினுமினுப்புக்காக இட்ட வெள்ளைத் திட்டும், எழுத்துகளில் உள்ள வெள்ளையும் சேர்ந்தே மறைந்து, பின்னணி அவற்றின் வழியாக எட்டிப் பார்க்கும்.

1992-இல் தரநிலையான ஜேபெக், புகைப்படங்களைச் சுருக்குவதற்கென்றே பிறந்தது. படத்தை எட்டுக்கு எட்டுச் சதுரங்களாகப் பிரித்து, கண்ணுக்கு எளிதில் புலப்படாத சூக்ஷ்ம பேதங்களைக் கைவிட்டு, கோப்பின் அளவைப் பெரிதும் குறைப்பதில் அது நிபுணன்; ஆனால் நாம் அன்றாடம் கையாளும் ஜேபெக் கோப்பில் ஆல்ஃபாவுக்கு இடமே இல்லை. எவ்வளவு திறமையாகப் பின்னணியை வெட்டி எடுத்தாலும், ஜேபெக்காகச் சேமித்த கணத்தில் காலியிடம் ஏதாவது ஒரு நிறத்தால் நிரப்பப்பட்டே தீரும். பெரும்பாலான மென்பொருள்கள் அதற்கு வெள்ளையைத் தேர்கின்றன.

இவ்விரண்டின் குறைகளையும் தீர்க்கவந்த பிஎன்ஜி, ஒரு காப்புரிமைத் தகராற்றின் விளைவாகப் பிறந்தது. ஜிஃப் பயன்படுத்தும் சுருக்க முறைக்குத் தன்னிடம் காப்புரிமை இருக்கிறது என்று யூனிசிஸ் நிறுவனம் கட்டணம் கோரியதும், 1995-இன் தொடக்கத்தில் தாமஸ் பௌட்டல் புதியதோர் வகையின் முதல் வரைவைத் தயாரித்தார். 1996 அக்டோபர் முதல் நாள் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு அதைத் தன் பரிந்துரையாக ஏற்றது. புள்ளி ஒன்றுக்கு நான்கு எண்களையும் முழுமையாக வைத்துக்கொள்ளவும், எதையும் இழக்காமல் சுருக்கவும் வல்லது பிஎன்ஜி. 2010-இல் கூகுள் வெளியிட்ட வெப்பி வகை, பின்பு ஆல்ஃபாவையும் ஏற்று, குறைந்த அளவில் அதே காரியத்தைச் செய்கிறது.

ஆயினும் தரம் இருந்து பயனென்ன? உலகில் பெரும்பாலோர் ஒரு காலத்தில் பயன்படுத்திய இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6, பிஎன்ஜியின் ஆல்ஃபாவை மதிக்கவில்லை. மறைய வேண்டிய இடமெல்லாம் சாம்பல் நிறமாகக் காட்டியது. பக்கம் அமைப்போர் அதற்கென்று தனிக் கட்டளைகளை எழுதிச் சமாளித்தனர். 2006-இல் வந்த ஏழாம் பதிப்பே அந்தக் குறையைத் தீர்த்தது. ஆகவே பரிந்துரை பிறந்து பத்தாண்டு வரை, நல்ல கோப்பைத் தயாரித்தவரும் கெட்ட படத்தைக் காண நேர்ந்தது.

ரோக நிதானம்

இப்போது முறையீட்டோடு வந்த வியாபாரியின் படத்தை எடுத்துக்கொண்டு, எண் சென்ற வழியே நாமும் செல்வோம்.

முதலில் பிறப்பிடம். போட்டோஷாப்பில் ஒரு புகைப்படத்தைத் திறந்தவுடன் அது பேக்ரவுண்டு என்ற பெயரில் பூட்டிய லேயராக வருகிறது. அதற்கு ஆல்ஃபா கிடையாது. அழிப்பானால் எவ்வளவு தேய்த்தாலும் பின்னணி நிறமே பூசப்படும். அந்த லேயரை இருமுறை சொடுக்கிச் சாதாரண லேயராக மாற்றிய பிறகுதான் அழித்த இடம் உண்மையில் காலியாகும். இலவச மென்பொருளான கிம்பிலும், ஆல்ஃபா சேனலைச் சேர்க்கும் கட்டளையை முதலில் கொடுக்காவிட்டால் இதே கதிதான். காலியிடத்தைக் காட்டுவதற்கு இம்மென்பொருள்கள் வெள்ளையும் சாம்பலுமான சதுரங்கக் கட்டங்களை வரைந்து காட்டுகின்றன. அது நம் வசதிக்கான அடையாளமே தவிரப் படத்தின் பகுதியன்று. இந்த அடையாளமே ஒரு புதிய ஏமாற்றத்துக்கும் இடம் கொடுத்துவிட்டது: பின்னணியற்ற படம் என்று எண்ணி இணையத்திலிருந்து இறக்கிய சாமி படத்தையோ, கட்சிக் கொடியையோ ஃபிளெக்ஸில் பொருத்தும்போது, சதுரங்கக் கட்டங்களும் படத்தோடு ஒட்டிக்கொண்டு வருகின்றன. யாரோ திரையைப் படமெடுத்து ஜேபெக்காகச் சேமித்ததன் பலன் அது. கட்டங்கள் அங்கே நிஜமான நிறங்களாகவே எழுதப்பட்டுவிட்டன.

இரண்டாவது, சேமிக்கும் இடம். இணையத்துக்காகச் சேமிக்கும் பழைய போட்டோஷாப் சாளரத்தில் எட்டு பிட் பிஎன்ஜியைத் தேர்ந்தால், ஜிஃபைப் போலவே உண்டு, இல்லை என்னும் இரண்டே நிலைகள் கிடைக்கும். இருபத்துநான்கு பிட் வகையைத் தேர்ந்து, ஒளிபுகு தன்மைக்குரிய குறியையும் இட வேண்டும். கோப்பின் பெயருக்குப் பின்னால் உள்ள மூன்று எழுத்துகளை மாற்றிவிட்டால் ஜேபெக் பிஎன்ஜியாகிவிடும் என்ற நம்பிக்கை சர்வ சாதாரணமாக நிலவுகிறது. பெயர் வேறு, வஸ்து வேறு. பிஎன்ஜி கோப்பு எதுவாயினும் அதன் முதல் எட்டு பைட்டுகள் 137, 80, 78, 71, 13, 10, 26, 10 என்ற வரிசையில் அமையும்; ஜேபெக் 255, 216 என்று தொடங்கும். கோப்பை எண்களாகத் திறந்து காட்டும் எளிய மென்பொருள் ஒன்று இருந்தால், பெயர்ப் பலகையை நம்பாமல் வம்சத்தையே பரிசோதித்துவிடலாம்.

மூன்றாவது, பயணம். வாட்ஸ்அப்பில் படத்தைப் புகைப்படமாக அனுப்பினால், அது வழியிலேயே ஜேபெக்காகச் சுருக்கப்பட்டு ஆல்ஃபாவை இழக்கிறது. தெரியாத புள்ளிகளுக்கும் மூன்று நிற எண்கள் உண்டு என்பதையும், அவற்றைப் பல மென்பொருள்கள் 0, 0, 0 என்றே விட்டுவைக்கின்றன என்பதையும் நினைவில் கொண்டால், மறைப்பு எண் போனவுடன் அதன் கீழ் ஒளிந்திருந்த கறுப்பு வெளிப்படுவதில் வியப்பில்லை. அதே படத்தை டாக்குமென்ட்டாக அனுப்பினால் ஒரு பைட்டும் மாறாமல் போய்ச் சேரும்.

நான்காவது, கலப்பு. இங்குதான் நுட்பமான பிழைகள் நிகழ்கின்றன. நிறத்தை அப்படியே வைத்துக்கொண்டு, கலக்கும் வேளையில் மட்டும் ஆல்ஃபாவால் பெருக்குவது ஒரு முறை. முன்கூட்டியே பெருக்கி வைத்துக்கொள்வது மற்றொரு முறை. பிஎன்ஜி முதல் முறையைப் பின்பற்றுகிறது. படங்களைச் சிறிதாக்கும்போதும் பெரிதாக்கும்போதும் இரண்டாவது முறையே சிறந்தது. ஏனெனில் பெருக்காத நிறங்களைச் சராசரி எடுத்தால், தெரியாத புள்ளிகளில் ஒளிந்திருக்கும் கறுப்போ வெள்ளையோ விளிம்புக்குள் கசிந்துவிடும். தொல்லை எழுவது, ஒரு மென்பொருள் பெருக்கி அனுப்பியதை மற்றொன்று பெருக்காதது என்று எண்ணி மீண்டும் பெருக்கும்போது. நம் தக்காளிப் புள்ளியின் 132 மறுபடி 0.6-ஆல் பெருகி 79 ஆகிவிடும். பழத்தைச் சுற்றி இருண்ட கோடு தோன்றும். ஆகவே வெளிறிய கோட்டைக் கண்டால் பழைய வெள்ளையையும், இருண்ட கோட்டைக் கண்டால் பழைய கறுப்பையோ இரட்டைப் பெருக்கலையோ சந்தேகிப்பது நியாயம்.

ஐந்தாவது, காட்டும் இடம். இணையப் பக்கத்தில் ஒரு பெட்டியின் பின்னணியை மங்கலாக்க எண்ணி ஒப்பாசிட்டி என்னும் பண்பை 0.5 என்று வைத்தால், பெட்டி மட்டுமன்றி அதற்குள் உள்ள எழுத்து, படம் அனைத்தும் பாதி மறைந்துவிடும். அதற்குள் இன்னொரு பெட்டிக்கும் 0.5 கொடுத்தால் அது 0.25-ஆகத் தேயும். பின்னணி நிறத்துக்கு மட்டும் ஆல்ஃபாவைக் கொடுப்பதே இதற்குப் பரிகாரம். நிறத்தை எட்டு இலக்கக் குறியாக எழுதும்போது, இணையத்தில் ஆல்ஃபா கடைசி இரண்டு இலக்கங்கள்; ஆண்ட்ராய்டு செயலிகளில் அதுவே முதல் இரண்டு. ஓரிடத்துக் குறியை மற்றோரிடத்தில் அப்படியே ஒட்டினால், நிறமும் மறைப்பும் இடம் மாறி விபரீதமாகும். பயனர் தம் கைப்பேசியை இருண்ட தோற்றத்துக்கு மாற்றிக்கொண்டால், பின்னணியற்ற கறுப்பு எழுத்துச் சின்னம் கறுப்பில் கரைந்து காணாமற்போவதும் உண்டு. அங்கே கோப்பில் குற்றமில்லை, பின்னணி எப்போதும் வெள்ளையாகவே இருக்கும் என்ற நம் அநுமானத்தில்தான் குற்றம்.

பிரிக்க முடியுமா?

வெள்ளையோடு ஒருமுறை கலந்துவிட்ட படத்திலிருந்து அசல் நிறத்தையும் மறைப்பையும் மீட்க முடியுமா என்ற கேள்வி எஞ்சுகிறது. பாலையும் நீரையும் பிரித்துண்ணும் அன்னப்பறவையை நம் புலவர்கள் பாடினார்கள். மென்பொருள் அந்தப் பறவையன்று. 234, 126, 114 என்ற புள்ளி, முழு மறைப்புடைய ரோஜா நிறமா, அறுபது பங்கு மறைப்புடைய சிவப்பா, வேறொரு விகிதத்தில் கலந்த வேறொரு நிறமா என்பதை அந்த மூன்று எண்களிலிருந்து மட்டும் எவராலும் சொல்ல முடியாது. அறிய வேண்டியவை நான்கு, அறிந்தவை மூன்று. இன்றைய செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் பின்னணியை நீக்குவதும் பழைய படங்கள் பலவற்றைக் கண்ட பழக்கத்தால் செய்யும் ஊகமே. முடி, புகை, கண்ணாடி ஆகிய இடங்களில் அந்த ஊகம் தடுமாறுவதைக் காணலாம்.

ஆனால் அதே பொருள் இரண்டு வெவ்வேறு பின்னணிகளின் மேல் கிடைத்தால் கணக்கு தீர்ந்துவிடும். ஆல்வி ரே ஸ்மித்தும் ஜிம் பிளின்னும் 1996-இல் இதை நிறுவிக் காட்டினர். நம் புள்ளி வெள்ளையின் மேல் 234, 126, 114. கறுப்பின் மேல் 132, 24, 12. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் மூன்று நிறத்திலும் 102 என்றே வருகிறது. அது 255-இல் நூற்றுக்கு நாற்பது பங்கு. ஆகவே பின்னணி நாற்பது பங்கு தெரிகிறது, மறைப்பு அறுபது பங்கு. கறுப்பின் மேல் கிடைத்த எண்களை 0.6-ஆல் வகுத்தால் 220, 40, 20 என்னும் அசல் தக்காளிச் சிவப்பு பழுதின்றித் திரும்பக் கிடைக்கிறது. ஒரு சாட்சி சொல்ல முடியாததை இரண்டு சாட்சிகள் சேர்ந்து சொல்லிவிடுகின்றன.

இதிலிருந்து கடைக்காரருக்குச் செலவில்லாத ஒரு பரிசோதனை கிடைக்கிறது. முடிந்த சின்னத்தை வாடிக்கையாளரிடம் கொடுக்குமுன், அதை முழுக் கறுப்பின் மேல் ஒரு முறையும் முழு வெள்ளையின் மேல் ஒரு முறையும் வைத்துப் பார்க்க வேண்டும். கறுப்பின் மேல் கட்டம் தோன்றினால் ஆல்ஃபாவே இல்லை. வெளிறிய கோடு தோன்றினால் பழைய வெள்ளை ஒட்டியிருக்கிறது. வெள்ளையின் மேல் இருண்ட கோடு தோன்றினால் கறுப்போ இரட்டைப் பெருக்கலோ காரணம். விளிம்பு இரண்டிலும் பிசிறினால் ஜிஃபோ, எட்டு பிட் பிஎன்ஜியோ குற்றவாளி. சின்னத்தின் உள்ளே ஓட்டைகள் தெரிந்தால் நிறத்தை அடையாளம் வைத்து அழித்திருக்கிறார்கள். இரண்டிலும் சுத்தமாக இருக்கும் படம், பயணத்தில் ஆல்ஃபாவை இழக்காதவரை, பச்சை, மஞ்சள், நீலம் என எந்தப் பின்னணியிலும் சுத்தமாகவே இருக்கும்.

ஒட்டிய வெள்ளையைத் துடைக்கும் கருவிகள் மென்பொருள்களில் இருக்கின்றன. விளிம்புப் புள்ளிகளின் நிறத்தை உள்ளே இருக்கும் நிறத்தைக்கொண்டு அவை மாற்றி எழுதும். சிறிய கோளாறுகளுக்கு அது போதும். நிலையான நிவாரணம் வேறு. லேயர்கள் கலையாத அசல் கோப்பைக் கடைக்காரர் பத்திரமாக வைத்திருந்து, வாடிக்கையாளருக்குப் பிஎன்ஜி ஒன்றும், அச்சுக்கென்று கோடுகளாலான வடிவக் கோப்பு ஒன்றும் தனித்தனியே கொடுப்பதே அது. பாலக்கோட்டு மண்டி வியாபாரி நாளை பலகையின் நிறத்தைப் பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாற்றினால், அசல் கோப்பை வைத்திருக்கும் கடையில் அது ஒரு நிமிஷ வேலை. ஜேபெக்கை மட்டும் வைத்திருக்கும் கடையில், தக்காளியை மறுபடி வரைய வேண்டியதுதான்.